பலகை நிறைந்திருக்கிறது

பெர்ரெஷித் ஊருக்கு வெளியே, கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கும் வருங்கால வானூர்தி உயர்கல்வி நிலையத்தில் கடந்த ஒன்பது ஆண்டுகளாக எதுவும் தொலைந்ததில்லை. ஒரு திருகாணிகூட இல்லை. அதற்குச் சான்றிதழ் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டியிருக்கிறார்கள். முதலில் போட்ட சட்டம் எங்கோ போய்விட்டது என்பது உண்மைதான். ஆனால் அது உடைமைப் பட்டியலில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டதால் தொலைந்ததாக ஆகாது என்று ஆய்வுக்குழுவே ஏற்றுக்கொண்டது.

நிலையத்தின் வேலை, மாறிவரும் வானூர்தித் தொழிலுக்கு இளைஞர்களைத் தயார் செய்வது. தொழில் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதில் இயக்குநர் டாக்டர் பென்ஷக்ரூனுக்கு அப்படியொரு நம்பிக்கை. தொழில் மாறுவதால் பாடத்திட்டம் மாறியது. பாடத்திட்டம் மாறியதால் கால அட்டவணை மாறியது. அட்டவணை தினமும் மாறியதால் ஆசிரியர்கள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். ‘தகட்டில் துளையிடுதல்’ என்ற பாடம் ‘தகட்டுக்கு அப்பால்’ என்று ஆயிற்று. துளையிடும் எந்திரங்களைத் தள்ளிவிட்டு, முகத்தில் மாட்டிக்கொண்டால் விமானம் தெரியும் கண்ணாடி ஒன்று வாங்கினார்கள். வகுப்புக்கு அறுபது பேர், அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான். ஆளுக்கு நான்கு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் முந்தைய ஆளின் வியர்வையைத் துடைப்பதிலேயே போய்விடும்.

தினமும் காலை எட்டு மணிக்கு எல்லோரும் மைதானத்தில் நின்று வலது கையைத் தூக்கி ‘நான் தயார்’ என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். எதற்கு என்று கேட்ட மாணவன் ஒருவன் இருந்தான். அவன் இப்போது பக்கத்து ஊரான செத்தாத்தின் சந்தையில் கைப்பேசி உறை விற்கிறான்.

இத்தனைக்கும் நடுவில் உண்மையாக இருந்தவை இரண்டுதான். ஒன்று, கருவிப் பலகை. அறுபத்து நான்கு கருவிகள் தொங்கும் பெரிய வெள்ளைப் பலகை அது. ஒவ்வொரு கருவிக்குப் பின்னாலும் அதன் உருவம் சிவப்புச் சாயத்தில் வரைந்திருக்கும். கருவியை எடுக்கிறவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அந்த ஆணியில் மாட்டிவிட்டு எடுக்க வேண்டும். திருப்பி மாட்டினால் வில்லை திரும்பக் கிடைக்கும். சிவப்பு ஓரிடத்தில் தெரிந்து, அங்கே வில்லையும் இல்லை என்றால் முடிந்தது கதை. சங்கு ஊதும். கருவி கிடைக்கும்வரை ஒரு விமானமும் நகராது. விமானத்தின் வயிற்றுக்குள் மறந்துபோன ஒரு ஸ்பானர் போதும், அது உருண்டு போய் எங்காவது சிக்கிக்கொண்டால் ஆளோடு விமானத்தைக் கீழே கொண்டுவந்துவிடும். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள், சரியாகத்தான் செய்கிறார்கள். நம் நிலையத்தார் பலகையின்மேல் வைத்த மரியாதையில் விமானத்தை மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, தொழில் வாரம். ஆண்டுக்கு ஒருமுறை சிறிய விமானங்கள் வைத்திருப்பவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து இங்கே பழுது பார்த்துக்கொண்டு போவார்கள். மாணவர்கள் கூலி கேட்க மாட்டார்கள் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. இந்த ஆண்டு தெற்கே பாலைவன ஓரத்து ஸகோராவிலிருந்து வெட்டுக்கிளிக்கு மருந்து அடிக்கும் மஞ்சள் விமானம் ஒன்று வந்திருந்தது. அதை ஓட்டி வந்தவர் மிலூத். தொப்பைக்காரர், இருபது ஆண்டாகப் பறப்பவர், ஒரு கூடை பேரீச்சம்பழத்தோடு வந்து இறங்கியவர்.

நான்காம் ஆண்டு மாணவி நுஹைலா தன் வாழ்நாளில் தொட்ட முதல் விமானம் அதுதான். குரீப்காவில் பாஸ்பேட் ரயில் பெட்டிகளைக் கோத்துவிடுகிற வேலை பார்க்கும் அவள் அப்பா, மகள் தினமும் விமானங்களைப் பிரித்துப் பூட்டுகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு நான்கு ஆண்டுகளை ஓட்டியவளுக்கு, மிலூத் முதல் நாளே கை நிறையப் பழத்தைக் கொடுத்து, “சாப்பிடுங்க பொறியாளரே, உங்க கையாலதான் நான் பறக்கணும்” என்று சொன்னபோது அதைத் தின்ன மனம் வரவில்லை, அப்பாவுக்கென்று எடுத்து வைத்தாள்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு நுஹைலா அந்த விமானத்தின் வாலுக்குள் இருந்தாள். இடுப்புவரை உள்ளே, கால் இரண்டும் வெளியே. வாலின் மடல்களைத் தூக்கி இறக்கும் கம்பிகள் ஓடும் இடத்தில் ஒரு சின்னப் பிடிப்பை இறுக்க வேண்டும். கை சிறியது என்பதால் அவளை அனுப்பியிருந்தார்கள். நாற்பத்தொன்றாம் எண் வில்லையை மாட்டிவிட்டு எட்டாம் அளவு ஸ்பானரை எடுத்து வந்திருந்தாள். கடைசித் திருகாணிக்கு விரல் வேண்டியிருந்ததால் ஸ்பானரை ஒரு விளிம்பில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பட்டறைத் தலைவர் ஜவாத் – மரியாதைக்கு எல்லோரும் ‘ஸி ஜவாத்’ என்பார்கள் – ஓடி வந்து அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தார்.

“வெளிய வாம்மா! அமைச்சகத்துப் படக்காரங்க வந்தாச்சு! தொழிலுக்குத் தயாரான மாணவர்னு படம் எடுக்கணும். சீக்கிரம், மூஞ்சியைத் துடை!”

“உஸ்தாத், இன்னும் முடியல…”

“அது எப்ப வேணா முடியும். படக்காரன் போயிடுவான்.”

இழுத்த இழுப்பில் அவள் வெளியே வந்து விழுந்தாள். உள்ளே எங்கோ ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கேட்டது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. எல்லோரும் மைதானத்தில் நின்று கையைத் தூக்கினார்கள். முதல் படத்தில் ஒருவன் கண்ணை மூடிவிட்டான், இரண்டாவதில் இயக்குநர் மூடிவிட்டார், ஆக மூன்று தடவை எடுத்தார்கள். திரும்பி வந்தபோது வாலின் மூடியை யாரோ பூட்டி, ஸி ஜவாத் கையெழுத்தும் முத்திரையும் போட்டு, வெள்ளிக்கிழமை விழாவுக்காக விமானத்தைச் சுற்றிப் பச்சை நாடாவும் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு காவலாளி வேறு. கருவி அறைக்காரி லல்லா பத்தூல் சன்னல் வழியாக வில்லையை நீட்டினாள்.

“நாப்பத்தொண்ணு. பிடி மகளே.”

நுஹைலா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

உணவறையில் பருப்புக் கிண்ணத்தில் ரொட்டியைத் தோய்த்தபடி கைக்குட்டைக்காகப் பையைத் துழாவும்போதுதான் விரலில் பித்தளை தட்டுப்பட்டது. வில்லை என்னிடம் இருக்கிறது. ஆனால் ஸ்பானரை நான் மாட்டவில்லையே. ரொட்டி கிண்ணத்திலேயே விழுந்தது. அந்த ‘டங்’ இப்போதுதான் காதில் கேட்டது.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?” என்றாள் எதிரே இருந்த இப்திஸாம்.

“ஸ்பானரை வாலுக்குள்ள விட்டுட்டேன்.”

“வில்லை குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க.”

“அப்புறம் என்ன? வில்லை வந்துட்டா நீ விடலடி. சாப்பிடு.”

நுஹைலா சாப்பிடவில்லை. கருவி அறைக்கு ஓடினாள். பலகையில் எட்டாம் இடத்தில் ஸ்பானர் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள், அல்லா காப்பாற்றினான் என்று பெருமூச்சு விட்டாள். விட்ட மூச்சு போதவில்லை. ஒருமுறை தொட்டுப் பார்த்தால் நிம்மதியாக இருக்கும் என்று கையை நீட்டி நகத்தால் தட்டினாள்.

‘டொக்’ என்றது.

இன்னொரு முறை தட்டினாள். கதவைத் தட்டுவதுபோல் அதே சத்தம். மரம். வெள்ளிச் சாயம் பூசிய மரம். விரலில் சாயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது.

பின்னால் லல்லா பத்தூல் நின்றுகொண்டிருந்தாள். கதவைச் சாத்தினாள்.

“படக்காரங்க பலகையைத்தான் முதல்ல படம் பிடிக்கறதா சொன்னாங்க மகளே. ஓட்டையா இருந்தா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு ஓய்வுக்கு ஏழு மாசம் இருக்கு. நீ பாக்கல, நானும் பாக்கல.”

“லல்லா, அவர் அதுல பறக்கப் போறாரு!”

“பெரியவங்ககிட்ட போய்ச் சொல்லு. நான் சொல்ல முடியாது.”

பெரியவர்களில் முதல் பெரியவர் ஸி ஜவாத். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவளைப் பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், கோலால் ஒன்று ஒன்றாகத் தொட்டு அறுபத்து நான்கு வரை எண்ணினார்.

“ஏதாவது குறையுதா?”

“இல்ல உஸ்தாத். ஆனா எட்டாம் அளவு மரம்.”

“மரமா இரும்பான்னு பலகையில எழுதியிருக்கா? எட்டுன்னுதான் எழுதியிருக்கு. எட்டு இருக்கு.”

“அசல் வாலுக்குள்ள கிடக்குது! நாடாவை அவுத்து மூடியைத் திறந்தா ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம்.”

“மூடியைத் திறக்கணும்னா காரணம் எழுதணும். காரணம், கருவி காணோம். கருவி காணோம்னா பலகையில ஓட்டை இருக்கணும். ஓட்டை எங்கே?” அவர் கோலை அக்குளில் செருகிக்கொண்டார். “இல்லாத ஓட்டைக்காக என் கையெழுத்தை நானே அடிச்சு எழுதினா என்னை என்னன்னு நினைப்பாங்க?”

இதுதான் அவருடைய பயம். நுஹைலாவின் பயம் வேறு. அவள் கண்ணுக்குள் அந்த மஞ்சள் விமானம் மூக்கைத் தூக்கி ஏறுவதும், வாலுக்குள் ஸ்பானர் உருண்டு கம்பியின் மடக்கில் போய் உட்காருவதும், மிலூத் பிடியைத் தள்ளத் தள்ள அது அசையாமல் நிற்பதும் திரும்பத் திரும்ப ஓடியது. அப்புறம் என்ன ஆகும் என்பதை அவள் பாடத்தில் படித்திருக்கிறாள். அந்தப் பாடம் மட்டும் மாறவேயில்லை.

வியாழக்கிழமை காலை ‘நான் தயார்’ முடிந்ததும் அவள் அச்சமற்ற பேச்சுத் துறைக்குப் போனாள். தொழில் மாறுவதை முன்னிட்டுப் போன ஆண்டு திறந்த துறை அது. தவறைக் கண்டால் யாரும் அஞ்சாமல் சொல்லலாம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. வாசலில், முன் அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்றும் எழுதியிருந்தது. துறைத் தலைவி மதாம் ஸுலைக்கா சிரித்த முகத்தோடு உட்கார வைத்தாள்.

“சொல்லுங்க கண்ணு. தைரியமா சொல்லுங்க.”

நுஹைலா சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. மதாம் ஸுலைக்கா தலையாட்டியபடி ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டே வந்தாள்.

“ரொம்ப நல்லா பேசினீங்க. கண்ணைப் பார்த்துப் பேசறதுக்கு ஏழு குடுத்திருக்கேன். குரலுக்கு அஞ்சுதான், நடுங்குது. கையை இப்படிப் பிசையாதீங்க, அதுல ரெண்டு போச்சு. மொத்தத்துல தேர்ச்சி!”

“மதாம், நாளைக்கு ஒருத்தர் சாகப் போறாரு.”

“பாத்தீங்களா, இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்திச் சொல்லியிருந்தா இன்னும் நல்லா விழுந்திருக்கும்.”

“விமானத்தை நிறுத்துவீங்களா?”

மதாம் ஸுலைக்கா வருத்தத்தோடு கணினியைத் திருப்பிக் காட்டினாள். “இதோ உங்க முன்னாடியே போடறேன். கருவி எண் எட்டு. தொலைந்தது. பாருங்க, ஏத்துக்க மாட்டேங்குது. ‘கருவி இருப்பில் உள்ளது’ங்குது. அதுவும் இல்லாம நீங்க முதல் நிலைதான் முடிச்சிருக்கீங்க. முதல் நிலையில தவறைச் சொல்லப் பழகணும். அப்படிச் சொன்னதை மத்தவங்க கேக்கறது இரண்டாம் நிலை. அது மார்ச்சுலதான் தொடங்குது.”

வெளியே வந்தபோது நுஹைலாவின் கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. அச்சமற்ற பேச்சாளர், முதல் நிலை. அதைப் படியில் மடித்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கொஞ்சம் அழுதாள்.

மாலை நான்கு மணிக்கு இயக்குநரே கூப்பிட்டு அனுப்பினார். டாக்டர் பென்ஷக்ரூன் கத்துகிறவர் இல்லை. புதினாத் தேநீரை உயரத்திலிருந்து குவளையில் ஊற்றி, அவள் பக்கம் தள்ளினார்.

“குடிம்மா. உன் நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு. இந்த மாதிரி ஆளுங்கதான் தொழிலுக்கு வேணும். அதனாலதான் உன்கிட்ட மனசு விட்டுப் பேசறேன். நீ சொல்றது நெசம்னே வச்சுக்குவோம். விமானம் விழுந்தா அது என்ன?”

அவரே ஒரு விரலை மடக்கினார்.

“விபத்து. விபத்து கடவுள் செயல். விசாரிப்பாங்க, பலகை நிறைஞ்சிருந்ததுன்னு எழுதுவாங்க, நாம எல்லாரும் வருத்தப்படுவோம். நானே துக்கம் கேக்க அவங்க வீட்டுக்குப் போவேன், வழக்கப்படி சர்க்கரையும் எண்ணெயும் எடுத்துக்கிட்டு. ஆனா பலகையில ஓட்டைன்னு தெரிஞ்சா அது என்ன? அலட்சியம். அலட்சியம் நம்ம செயல். ஒம்போது வருஷப் பேரு ஒரு நிமிஷத்துல போயிடும். அறுநூறு புள்ளைங்க எதிர்காலம் போயிடும். ஒரு ஆளா, அறுநூறு ஆளா? நீ பொறியியல் படிக்கிற, கணக்குப் போடு.”

“மூடியைத் திறந்து பாத்தா யாருக்கும் எதுவும் போகாதே, டாக்டர்?”

“திறந்து பாத்து, இருந்துச்சுன்னா?” என்று கேட்டார் இயக்குநர். அவர் முகத்தில் முதல்முறையாகக் கலக்கம் தெரிந்தது. “இருந்துச்சுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?”

பிறகு அவர் எழுந்து கதவைத் திறந்தார். அவளுடைய உதவித்தொகைக் கோப்பு மேசைமேல் இருப்பதாகவும், அது அங்கேயே இருந்தால் நல்லது என்றும், அப்பாவைக் கேட்டதாகச் சொல்லும்படியும் சொன்னார். தேநீர் தொடப்படாமல் ஆறியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மைதானத்தில் பந்தல், கொடிகள், தரைவிரிப்பு, முந்நூறு நாற்காலி. மேடையில் ஆளுயரத் திரை ஒன்று. கருவிப் பலகைக்கு மேலே படக்கருவி பொருத்தி, பலகையின் உருவத்தை நேராகத் திரையில் காட்டினார்கள். எண்மப் பலகை என்று அதற்குப் பெயர். தொழில் மாறிவிட்டதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? நாடாவுக்குள் மஞ்சள் விமானம் நின்றது. தொழுகை நேரத்துக்கு முன்னால் மிலூத் அதை ஓட்டிக்கொண்டு ஸகோராவுக்குப் போக வேண்டும், அதுதான் நிகழ்ச்சியின் உச்சம்.

நுஹைலா அவரைத் தண்ணீர்க் குழாயருகே பிடித்தாள். விழாவுக்காக இறுக்கமான சட்டை போட்டிருந்தார்.

“ஸி மிலூத், பறக்காதீங்க. வாலுக்குள்ள ஸ்பானரை விட்டுட்டேன். நான்தான் விட்டேன்.”

மிலூத்தின் முகம் சட்டென்று மாறியது. “எப்ப?”

“புதன்கிழமை. யாருமே கேக்க மாட்டேங்கறாங்க.”

அவர் அவளை நம்பினார். ஒரு கணம் முழுக்க நம்பினார். நேரே போய்க் கருவி அறைச் சன்னல் வழியாகப் பலகையைப் பார்த்தார். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார்.

“நல்லா பயமுறுத்தினீங்க பொறியாளரே! பலகை நிறைஞ்சிருக்கே.”

“அது மரம்!”

“இருபது வருஷமா எந்த ஊருல இறங்கினாலும் பொண்டாட்டிக்குப் பேசறதுக்கு முன்னாடி பலகையைத்தான் பாப்பேன். அது நிறைஞ்சிருந்தா கிளம்புவேன். அதை நம்பலன்னா நாங்க ஒருத்தரும் தரையை விட்டுக் கிளம்ப முடியாது.” அவர் அவள் தலையில் கைவைத்தார். “முதல் விமானம்ல, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். பறக்கறவன் நான், நீங்க ஏன் நடுங்கறீங்க?”

அவர் மேடைக்குப் போய்விட்டார். நுஹைலா அங்கேயே நின்றாள். பயம் அவளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நடுக்கத்துக்கு நடுவில் ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாயிற்று. இந்த ஊரில் மனிதர் சொன்னால் யாருக்கும் கேட்காது. பலகை சொன்னால்தான் கேட்கும்.

மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். நாளைய இளைஞர்கள், நாளைய வானம், நாளைய நாளை என்று மூன்று நாளையையும் கடந்து இன்றைக்கு வந்திருந்தார்.

“பெருமக்களே, மற்ற கல்விக்கூடங்கள் மாணவருக்கு அறிவைக் கொடுக்கின்றன. நாங்கள் அறிவை நம்புவதில்லை. அறிவு பழையதாகிவிடும். மாணவர் என்ன செய்கிறார் என்பதை நாங்கள் பார்ப்பதே இல்லை, பலகையைப் பார்க்கிறோம்! இதோ திரையில் பாருங்கள். இதில் ஓர் இடம், ஒரே ஓர் இடம் காலியானால், அரசரே வந்து சொன்னாலும் இங்கிருந்து ஒரு விமானம் நகராது. இது என் வாக்கு!”

முந்நூறு பேரும் திரையைப் பார்த்தார்கள். திரையில் நீலச் சட்டைக் கை ஒன்று வந்தது. நிலையத்தில் அறுநூறு பேர் அந்த நீலச் சட்டைதான் போட்டிருந்தார்கள். கை நேரே எட்டாம் இடத்துக்குப் போய், ஸ்பானரை ஆணியிலிருந்து கழற்றி, மறைந்தது. அந்த இடத்தில் ஸ்பானரின் உருவம் சிவப்பாகத் தெரிந்தது. வில்லை இல்லை.

சங்கு ஊதியது.

ஒன்பது ஆண்டுகளில் ஒத்திகைக்கு மட்டுமே ஊதிய சங்கு அது. ஆனால் ஒத்திகை நன்றாகத்தான் நடந்திருக்கிறது. காவலாளிகள் ஓடிப்போய் ஓடுபாதையை மறித்தார்கள். மாணவர்கள் வரிசையாக மண்டியிட்டுத் தரையைத் தேடினார்கள். மிலூத் பேரீச்சம்பழத்தைத் துப்பிவிட்டு எழுந்து நின்றார். டாக்டர் பென்ஷக்ரூன் ஒலிவாங்கியின் முன் வாயைத் திறந்தபடி நின்றார். நிறுத்துங்கள் என்று சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் இருந்த அமைச்சகப் பிரதிநிதி இதை ஒரு செயல்முறை விளக்கம் என்று நினைத்துக் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள்.

“ஆமாம்,” என்றார் இயக்குநர், வேறு வழியில்லாமல். “இது… ஏற்கனவே திட்டமிட்டது. இப்போது எங்கள் மாணவர்கள் தேடுவார்கள்.”

மிலூத் காத்திருக்கவில்லை. நாடாவை அறுத்துக்கொண்டு உள்ளே போய், தானே திருப்புளி எடுத்து வாலின் மூடியைக் கழற்றினார். கையை விட்டார். விட்ட கை அப்படியே நின்றது. சிறிது நேரம் அவர் எதையும் வெளியே எடுக்கவில்லை. பிறகு மெல்ல எடுத்தார். எண்ணெய் படிந்த, கறுத்த, எட்டாம் அளவு ஸ்பானர். கம்பி மடங்கும் இடத்தில் குறுக்காகக் கிடந்தது என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னார். அதை இரண்டு தடவை சொன்னார். அப்புறம் இறுக்கமான விழாச் சட்டையோடு புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நுஹைலா ஓடிப்போய் அவர் எதிரில் மண்டியிட்டாள். சட்டைக் கைக்குள் மர ஸ்பானர் மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தது.

“நான் சிரிச்சேன்,” என்றார் மிலூத். அவர் உதடு வெளுத்திருந்தது. “நீ சொன்னே மகளே, நான் சிரிச்சேன்.”

மேடையில் ஆரவாரம் அடங்கவில்லை. பலகை எச்சரித்தது, நிலையம் தேடியது, கருவி கிடைத்தது, எல்லாம் பதினொரு நிமிடத்தில். அமைச்சகப் பிரதிநிதி கண்கலங்கிவிட்டார். இப்படிப்பட்ட இடத்தில் வெட்டுக்கிளி விமானத்தை வைத்துக்கொண்டு மாணவர்களை வீணாக்கக் கூடாது, அடுத்த ஆண்டு தொழில் வாரத்துக்குப் பயணிகள் விமானம் ஒன்றையே அனுப்பி வைக்கிறோம், நூற்றெண்பது பேர் உட்காரும் விமானம் என்று அறிவித்தார். டாக்டர் பென்ஷக்ரூன் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டமிட்டது என்று சொல்லிவிட்டதால் அந்த நீலச் சட்டைக் கை யாருடையது என்று அவரால் கேட்கவும் முடியவில்லை.

தொழுகை முடிந்து எல்லோரும் கூஸ்கூஸ் சாப்பிடப் போனபோது, லல்லா பத்தூல் சன்னலுக்குள்ளிருந்து கையசைத்து நுஹைலாவைக் கூப்பிட்டாள். அசல் ஸ்பானரைத் துடைத்து எட்டாம் ஆணியில் மாட்டினாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள்.

“குடு மகளே, அதை எடுத்து வைக்கணும்.”

நுஹைலா சட்டைக் கைக்குள்ளிருந்து மர ஸ்பானரை உருவிக் கொடுத்தாள். இரண்டு நாளில் முதல்முறையாக மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார், மற்றது எப்படியோ போகட்டும் என்று இருந்தது.

லல்லா பத்தூல் இடுப்புச் சாவியால் மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே பச்சை வெல்வெட் விரித்து, வரிசையாகக் குழி வெட்டியிருந்தது. குழிகளில் வெள்ளிச் சாயம் பூசிய திருப்புளிகள், இடுக்கிகள், சுத்தியல், ஸ்பானர்கள். எல்லாம் மரம். எட்டாம் குழியில் அவள் அந்த ஸ்பானரைப் பதமாக வைத்தாள். மற்ற குழிகளில் பல காலியாக இருந்தன. நுஹைலா எண்ணினாள். இருபத்திரண்டு.

நிமிர்ந்து சுவரிலிருந்த பலகையைப் பார்த்தாள். அறுபத்து நான்கும் ஒழுங்காகத் தொங்கின. எது இரும்பு, எது மரம் என்று தெரியவில்லை.

“லல்லா,” என்றாள். “இருபத்திரண்டுக்கும் இரும்பு ஒண்ணு இருந்திருக்கணுமே. அதெல்லாம் எங்க?”

“எங்க விட்டாங்களோ அங்கதான் இருக்கும்.”

“எந்த விமானத்துல?”

“ஒம்போது வருஷமா வந்து வந்து போகுது, நான் என்னத்தைக் கண்டேன்?” லல்லா பத்தூல் இழுப்பறையைப் பூட்டினாள். “ஒண்ணு கடல்மேல மீன் கூட்டம் தேடுதாம். ஒண்ணு மலை ஊருங்களுக்கு மருந்து கொண்டு போகுதாம். ரெண்டு மூணுல சின்னப் புள்ளைங்களுக்குப் பறக்கக் கத்துக் குடுக்கறாங்களாம். எல்லாம் பறந்துக்கிட்டுதான் இருக்கு மகளே.”

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இதுவரைக்கும்.”